காருக்குள் தொங்கிய துணி

ஜூலை 20, சனி

இன்று காலை காருக்குள் இருபத்திரண்டு ஊக்கு குத்தினேன். கூரையில் ஒட்டியிருக்கும் துணி ஒரு மாதமாகவே விட்டுக்கொண்டு வந்தது. நேற்று பின்சீட்டிலிருந்து முன்கண்ணாடி வரை பந்தல் துணி மாதிரி இறங்கிவிட்டது. கார் வாங்கி இருபத்தோரு வருசம் ஆகிறது. என் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் போய்ச் சேர்ந்தே ஆறு வருசம் ஆயிற்று, இது மட்டும் என் உயிரை வாங்கிக்கொண்டு இருக்கிறது. துணிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் மக்கி மாவாகிவிட்டது. தொட்டால் மஞ்சள் தூள் கொட்டுகிறது.

பேச்சில்லாத பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கொடைரோடு பக்கத்து ஹோம்காரர்கள் மௌலியைப் பற்றித் தினமும் எழுதி வைக்கச் சொன்னார்கள். எப்போது தூங்குகிறான், என்ன தின்கிறான், எதற்குக் கோபம் வருகிறது என்று. ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கார் கதைதான் முதலில் வருகிறது. அவனைப் பற்றி எழுதினாலும் அங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

மௌலீஸ்வரன், என் ஒரே மகன். வயது இருபத்தைந்து, உயரம் ஆறடி. பேச்சு கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஈரோட்டிலிருந்து பவானி வரை போய்த் திரும்ப வேண்டும். வழி மாறக்கூடாது. போகும்போதும் வரும்போதும் இடது கையைத் தூக்கி அந்தக் கூரைத் துணியில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவான். துவட்டித் துவட்டிப் பழசான டவல் மாதிரி இருக்கும் அந்தத் துணி. ஒரு மணி நேரம் தேய்த்தால் அன்றைக்குத் தூங்குவான். இல்லாவிட்டால் எங்கள் தெருவே விழித்திருக்க வேண்டியதுதான். வேறு வண்டியில் ஏறமாட்டான். நாலு வருசத்துக்கு முன்னால் அண்ணன் காரில் ஏற்றப் பார்த்து, ஜன்னல் கண்ணாடி உடைந்து, அவன் முழங்கையில் ஏழு தையல் போட்டார்கள். அதற்கப்புறம் நான் எதிலும் ஏற்றிப் பார்க்கவில்லை.

ஊக்கு வைத்தியம் பவானி ரோட்டைத் தாண்டுவதற்குள் முடிந்தது. ஒரு ஊக்கு திறந்து அவன் கையைக் கீறிவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன்.

ஜூலை 22, திங்கள்

டாக்டரிடம் போனேன். அண்ணன் குழந்தைவேலும் கூட வந்தார். கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமாம். ரத்தம் ஏழுக்கு வந்துவிட்டது, இன்னும் இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் எந்த நாளிலும் விழுந்துவிடுவீர்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டினார். சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் குடம்கூடத் தூக்கக்கூடாது. ஆறடிப் பையனை எப்படிப் பிடிப்பது?

அண்ணன் ஏற்கெனவே எல்லாம் பேசி முடித்துவிட்டார். ஆடி கழியட்டும், ஆவணி பத்தாம் தேதி திங்கட்கிழமை மௌலியை ஹோமில் விடுவது, அதே வாரம் வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். ஹோமில் ஒரே ஒரு படுக்கைதான் காலியாம். அந்தத் தேதி தப்பினால் வேறு ஆளுக்குப் போய்விடும். மூன்று மணி நேரப் பயணம். அதற்குள் காரைச் சரிபண்ணி அவனை அதில் உட்கார வைக்க வேண்டும். அண்ணன் பேசப் பேச நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 23

தேய்க்கத் துணி இல்லை. அவன் தூங்கவில்லை. நானும்.

ஜூலை 25, வியாழன்

முப்பது வருசமாக ஜாக்கெட் தைக்கிறேன். துணியைக் கண்டு நான் பயப்படுவதா? சட்டைக் காலருக்கு வைக்கிற பியூசிங் இருக்கிறதே, இரண்டு பக்கமும் பசை உள்ளது, அதில் நாலு மீட்டர் வாங்கி வந்து துணிக்கும் கூரை அட்டைக்கும் நடுவில் கொடுத்து இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். சீட்டில் மல்லாக்கப் படுத்து, பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, மூஞ்சிக்கு நேராக. யாராவது பார்த்திருந்தால் வசந்தாமணிக்குக் கழன்றுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். மஞ்சள் தூள் கண்ணெல்லாம். இரண்டு முறை தலை சுற்றியது. ஆனால் ஒட்டிக்கொண்டது. ஒரு சுருக்கம் இல்லை. காருக்குச் சீட் தைக்கிற குஷன் கடைக்காரன் என்ன பெரிய கொம்பனா?

ஜூலை 27, சனி

கையை வைத்தான். தேய்த்தான். காலை ஆறு மணி வரை தூங்கினான். நான்கு ஜாக்கெட் தைத்து முடித்தேன். சுரைக்காய் கடைந்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப்பெருக்கு

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஆடிப் பதினெட்டு அன்று பவானிக் கூடுதுறைக்குப் போகிற ரோட்டில் எறும்புகூட நுழையாது என்பது ஈரோட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஐந்து மணி என்றால் அவனுக்கு ஐந்து மணிதான், பவானி என்றால் பவானிதான். காவேரி பெருகினால் அவனுக்கென்ன? வாசலில் வந்து நின்றுவிட்டான். கிளம்பினேன்.

மதியமெல்லாம் கார் வெயிலில் நின்றது. கூட்டத்தில் மாட்டி முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றபோது பியூசிங் விட்டது. ஓரத்தில் கொஞ்சம் என்றில்லை, மொத்தமாக. சூடான துணியும் தூளும் அவன் தலையிலும் முகத்திலும் போர்த்திய மாதிரி விழுந்தது. அவன் கத்திய கத்தலுக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். துணியைக் கிழிக்கிறான், தன் தலையை ஜன்னலில் மோதுகிறான், தடுக்கப் போன என் வாயில் முழங்கை பட்டு உதடு கிழிந்தது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. இது எனக்குப் புதிது அல்ல, ஆனால் ரோட்டில், நூறு பேர் நடுவில் இதுதான் முதல் தடவை. முளைப்பாரி எடுத்துக்கொண்டு வந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். போலீஸ்காரர் வந்து பையன் குடித்திருக்கிறானா என்று கேட்டார். நான் சீட்டைத் தாண்டி அவன்மேல் ஏறிக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். வேறு ஒன்றும் தெரியவில்லை. சாமி, சாமி, அம்மாதான் சாமி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைய இரண்டு மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது என் சேலை பின்னால் முழுக்க ரத்தத்தில் நனைந்திருந்தது. சீட்டிலும் பட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. அண்ணன் திருப்பூர் போயிருந்தார், நான் மட்டும் போனேன். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் பேசினார். இந்தத் தடவை திட்டவில்லை. ஆபரேஷனோடு முடியாதாம். அதற்கப்புறம் மருந்து ஏற்ற வேண்டும், கேன்சருக்கு வைப்பார்களே, அந்தக் கரண்டு வைக்க வேண்டும், எட்டு மாதமோ ஒரு வருசமோ, உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்கலாம் என்றார். பையனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணனிடம் போனில் சாதாரணக் கட்டிதான் என்று சொன்னேன். ஆறு வாரத்துக்கு என்று நினைத்துத்தான் ஹோமுக்குச் சரி என்றேன். ஆறு வாரம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம்.

ரவிக்கை பாக்கி ஐந்து. கொக்கி வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

குஷன் கடை நிஜாம் பாய் நாலு நாள் காரைக் கடையில் விடச் சொன்னார். காரைக் காணவில்லை என்றால் மௌலி வீட்டைப் பிரித்துவிடுவான், அதனால் அவரே சாமான்களோடு எங்கள் வாசலுக்கு வந்தார். நல்ல மனுசன், ஆனால் வாய் சும்மா இருக்காது. என் பியூசிங்கைப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, இது காலர் இல்லீங்க. சூட்டுல ஒட்டுனது சூட்டுல வுட்டுரும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெயில் மறைப்பு இரண்டும், கைப்பிடிகள், நடுவில் இருக்கும் விளக்கு, ஓரத்து ரப்பர். பிறகு கூரை அட்டையைப் பின்கதவு வழியாக அப்படியே உருவினார். குப்பை மாதிரி வெளியே வந்தது. மௌலி வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அட்டை வெளியே வந்ததும் கையைக் கடித்துக்கொண்டு ஓலமிட்டான். பாய் வேலையை நிறுத்திவிட்டு, பிள்ளையைப் பாருங்கக்கா என்றார். நான் பார்த்து என்ன செய்ய? பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பழைய ஸ்பாஞ்சை ஒரு துளி விடாமல் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காவிட்டால் எந்தப் பசையும் நிற்காதாம். மூன்று மணி நேரம் தேய்த்தார். வாசல் முழுக்க மஞ்சள்.

ஆகஸ்ட் 10, சனி

கடைக்குப் போய்த் துணி எடுத்தேன். பாய் இரண்டு ரோல் காட்டினார். ஒன்று பழுப்பு, கொஞ்சம் சொரசொரப்பு. இன்னொன்று சாம்பல் நிறம், வழுவழு. சாம்பலை எடுத்தேன், பளிச்சென்று இருந்தது. பழசு மாதிரி இருக்கிறதுதானே தம்பிக்கு நல்லது என்று பாய் இழுத்தார். இதுவே போதும் என்றேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒட்டி முடித்து அட்டையை மாட்டிவிட்டார். தொழில் என்றால் இதுதான் தொழில். நடுவில் ஆரம்பித்து உள்ளங்கையால் ஓரத்தை நோக்கித் தள்ளித் தள்ளி, விளக்குக்கு வைத்த குழி, கைப்பிடி வளைவு எல்லாவற்றிலும் துணியை உட்காரவைத்தார். பசை வாசம் போக இரண்டு நாள் கதவைத் திறந்துபோடச் சொன்னார். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, புதுக் கார் மாதிரி இருக்கிறது என்று சந்தோசப்பட்டார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஐந்து மணிக்கு மௌலி ஏறி உட்கார்ந்தான். கையைத் தூக்கினான். துணியில் பட்டதும் சுட்ட மாதிரி வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். மறுபடி ஒரு விரலை மட்டும் வைத்துப் பார்த்தான். இறங்கி உள்ளே போய்விட்டான்.

ஆகஸ்ட் 15

ஏறவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஐந்து மணிக்கு செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறான். காரைச் சுற்றி ஒரு நடை நடக்கிறான். திரும்பிப் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். கத்தினால்கூடப் பரவாயில்லை. கத்தவில்லை. சாதம் பாதி மிச்சம்.

இன்று ஆவணி பிறந்துவிட்டது.

ஆகஸ்ட் 19, திங்கள்

அண்ணன் வந்தார். மௌலி காரில் ஏறவில்லை என்று சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேறு துணி கிடைக்கவில்லையா என்று கேட்டார். இல்லை, இது ஒன்றுதான் இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் என் தையல் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, முப்பது வருசமாத் துணி தைக்கற. கண்ணை மூடித் தொட்டாலே என்ன துணின்னு சொல்லுவ. உனக்கா தெரியாமப் போச்சு?"

பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும். போகும்போது, இப்படியே இவனைக் கட்டிக்கொண்டு கிடந்தால் நீ மண்ணுக்குப் போய்விடுவாய், அப்புறம் இவனை யார் பார்ப்பது என்று வாசலில் நின்று கேட்டார். அவருக்கு ரிப்போர்ட் விசயம் தெரியாது. தெரியாமலே சரியாகக் கேட்கிறார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கேயும் எழுதப்போவதில்லை. பழுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தேன். அச்சு அசல் பழைய துணிதான். இவன் கண்டுபிடிக்கவே மாட்டான் என்று கை சொன்னது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

அவன் காரில் ஏறாவிட்டால் அனுப்ப முடியாது. அனுப்ப முடியாவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம். தள்ளிப் போட்டால் இருக்கிற நாள்வரை இரண்டு பேரும் இந்த வீட்டில் இருக்கலாம். அவ்வளவுதான் நான் யோசித்தது. எனக்கு என்ன ஆகும் என்று யோசித்தேனா, இல்லை. அவனுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று யோசித்தேனா, அதுவும் இல்லை. அனுப்பக்கூடாது என்பது மட்டும்தான் மண்டைக்குள் நின்றது. பெற்றவள் செய்கிற வேலையா இது? பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் நிம்மதி, அதை என் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

கடை திறக்கும்போதே போய் நின்றேன். பழுப்புத் துணி கொடுங்கள், மறுபடி ஒட்டுங்கள் என்றேன். அந்த ரோல் போன வாரமே ஒரு வேனுக்குப் போய்விட்டதாம். கோயம்புத்தூரிலிருந்து வர இருபது நாள் ஆகும். பாய்க்கு என் முகத்தைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது, உட்காருங்கக்கா என்று ஸ்டூலைப் போட்டார். கழற்றிய பழைய துணியாவது இருக்கிறதா என்று கேட்டேன். அது கிழிந்து தூளோடு குப்பைக்குப் போய்விட்டது. ஆடிப்பெருக்கு அன்று அவனே கிழித்ததுதானே. கடைக்குள் எல்லார் முன்னாலும் அழுதேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஹோமுக்குப் போன் பண்ணினேன். கார் சரியில்லை, அவன் வேறு எதிலும் ஏறமாட்டான், அதனால் வர முடியாது என்றேன். எடுத்தது ஸ்டெல்லா என்று ஒரு பெண். கடைசியாக எப்போது வேறு வண்டியில் ஏற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்டது. நாலு வருசம் முன்னால் என்றேன். சரிம்மா, திங்கட்கிழமை நாங்களே வண்டி அனுப்புகிறோம் என்றது.

ஏறமாட்டான். ரகளைதான் நடக்கும். அவனை ஆள் வைத்துக் கட்டித் தூக்கிப் போவார்களோ? வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அப்போது கால் வழியாக ரத்தம் இறங்கித் தரையில் சொட்டியது. சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

சட்டை எட்டு, அரை டிராயர் எட்டு, துண்டு நாலு. அங்கே எல்லாருடைய துணியும் ஒன்றாகத் துவைப்பார்களாம், பெயர் வேண்டும் என்றார்கள். காலருக்கு உள்ளே, டிராயர் இடுப்பில், துண்டு ஓரத்தில் நீல நூலில் மௌலி, மௌலி என்று இருபது தடவை தைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். சிரித்தான் ஒரு தடவை. எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள், ஆவணி பத்து

பத்து மணிக்கு வெள்ளை வேன் வந்தது. அண்ணன் தன் தறிப்பட்டறையிலிருந்து நாலு ஆளைக் கூட்டிவந்து வாசல் கேட் ஓரம் நிறுத்தியிருந்தார். யாரும் அவனை அடிக்கக்கூடாது, கையை முறுக்கக்கூடாது, பின்னாலிருந்து இடுப்பைத்தான் பிடிக்க வேண்டும் என்று நாலு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். தலை மோதாமல் இருக்கத் தலையணை இரண்டு எடுத்து வைத்திருந்தேன். அவனைக் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

ஸ்டெல்லா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றது. வா என்றுகூடச் சொல்லவில்லை. மௌலி வேனைப் பார்த்தான். என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டான். ஏறினான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான்.

அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தோம். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். முதல் பதினைந்து நாள் வீட்டாட்கள் வராமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது என்று ஸ்டெல்லா சொன்னது. பையை வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது. நான் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றேன். அவன் முன்னால் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி எடுத்தபோதும் திரும்பவில்லை. முனையில் திரும்புகிறவரை நின்று பார்த்தேன்.

நாலு ஆட்களுக்கும் வேலை இல்லை. டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் என் தலையில் கையை வைத்தார். அப்போதுதான் ரிப்போர்ட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு ஸ்டெல்லா போன் பண்ணியது. மூன்று தோசை சாப்பிட்டானாம். நன்றாகத் தூங்கினானாம். அழுதானா என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. உங்களைத் தேடவே இல்ல. நீங்க கவலைப்படாம ஆபரேஷனைப் பாருங்க."

சந்தோசம்ங்க என்று சொன்னேன். இருபத்தைந்து வருசமாக எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரே வேண்டுதல்தான், நான் இல்லாவிட்டாலும் இவன் இருந்துகொள்ள வேண்டும் என்று. சாமி கேட்டதைக் கொடுத்துவிட்டது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறேன், இன்னும் எழுந்திருக்கவில்லை.